சளிப்பூஞ்சை வளரும்போது அதன் செல் சவ்வின் பாய்மத்தன்மையை அளப்பது எப்படி: புதிதாக இறங்குபவர்களுக்கு

உணவு தீர்ந்துபோன சளிப்பூஞ்சை செல்கள் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் தனித்தனி அமீபா நிலையிலிருந்து ஒன்றுகூடி, காம்பும் அதன் உச்சியில் வித்துமாக எழுந்து நிற்கின்றன. இந்த மாற்றத்தின்போது செல் சவ்வு இளகுகிறதா, இறுகுகிறதா, அப்படியே இருக்கிறதா என்று அளக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் இதைப் படியுங்கள். சாயத்தைப் போட்டு, கருவியில் வைத்து, எண்ணை எழுதிக்கொள்வதுதான் வேலை என்று தோன்றும். எண்ணும் வந்துவிடும். அந்த எண் எந்தச் சவ்வைப் பற்றிச் சொல்கிறது என்பதில்தான் சிக்கலே. எனக்கு இதை யாரும் வரிசையாகச் சொல்லித்தரவில்லை. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே வைக்கிறேன்.

நான் பேசுவது டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் பற்றி மட்டும். மஞ்சள் நிறத்தில் பெரிதாகப் படரும் ஃபைசாரம் வேறு உயிரி. அதற்கு இந்த நேர அட்டவணை எதுவும் பொருந்தாது.

1. எந்தச் சவ்வு, எந்த முறை என்று முதலில் முடிவெடுங்கள்

ஒரு செல்லுக்குள் சவ்வுகள் பல உண்டு. வெளிச்சவ்வு, மைட்டோகாண்ட்ரியா, உணவுக் குமிழிகள், நீரை வெளியேற்றும் சுருங்கு நுண்குமிழியின் வலைப்பின்னல் என்று பட்டியல் நீளும். பழைய முறையில் எல்லோரும் எடுப்பது டிபிஎச் என்ற கோல் வடிவச் சாயம். முனைவாக்கிய (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியை அதன்மேல் பாய்ச்சுகிறோம். சுற்றியுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் நெருக்கமாக இருந்தால், நெரிசலான பேருந்தில் நிற்பவரைப் போல அதனால் திரும்ப முடியாது. அதனால் அது உமிழும் ஒளியும் பெரும்பாலும் அதே தளத்தில் அதிரும். இதை அனைசோட்ரோபி என்ற எண்ணாகக் கணக்கிடுகிறோம். எண் கூடினால் சவ்வு இறுகியிருக்கிறது என்று பொருள்.

முழு செல்லில் டிபிஎச் போட்டால் அது உள்ளே புகுந்து எல்லாச் சவ்வுகளிலும், கொழுப்புத் துளிகளிலும் உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சவ்வுதான் உங்கள் கேள்வி என்றால் மின்னூட்டம் உள்ள டிஎம்ஏ-டிபிஎச் நல்லது, அதையும் வேகமாக அளந்தால்தான். லார்டான் சாயம் வேறு வகை. சவ்வுக்குள் நீர் எவ்வளவு புகுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் ஒளிர்வு 440 நானோமீட்டர் பக்கமிருந்து 490 பக்கம் நகரும். இதற்குப் போலரைசர் (ஒளியை முனைவாக்கும் வடிகட்டி) தேவையில்லை, நுண்ணோக்கியிலும் படம் எடுக்கலாம்.

ஒளியால் ஓரிடத்தை மங்கவைத்து மீளும் வேகத்தைப் பார்க்கும் ஃப்ராப் முறையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். மூலக்கூறு பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை அது சொல்லும். அதில் சவ்வுக்கு அடியில் உள்ள ஆக்டின் புரத வலையின் தடையும் கலந்துவிடும். வளர்ச்சியின்போது அந்த வலையே மாறுகிறது. ஆகவே ஃப்ராப் எண்ணையும் அனைசோட்ரோபி எண்ணையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஒப்பிடாதீர்கள்.

என் பரிந்துரை: டிஎம்ஏ-டிபிஎச், லார்டான் இரண்டையும் செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் மேலே பேசுங்கள்.

2. காகித வேலையை இன்றே தொடங்குங்கள்

செல்கள் டிக்டி ஸ்டாக் சென்டரிலோ ஜப்பானின் நென்கின் சேமிப்பகத்திலோ கிடைக்கும். பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு ஒரு குழாய் வாங்கிவிடலாம்தான். ஆனால் அது எத்தனை மாதம் வளர்ப்பிலேயே ஓடியது என்று கொடுப்பவருக்கே நினைவிருக்காது. சேமிப்பகத்தில் எடுத்தால் வரலாறு தெளிவாக இருக்கும்.

தேவைப்படும் தாள்கள்: பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் (உங்கள் நிறுவனத்தில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்று முதலிலேயே கேட்டு வையுங்கள், ஆய்வகத் தலைவரின் கையெழுத்து பல இடங்களில் செல்லாது), வெளிநாட்டிலிருந்து வந்தால் நுண்ணுயிர் இறக்குமதி அனுமதி, உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல். டிக்டியோஸ்டீலியம் நோய் உண்டாக்காத உயிரி, அதனால் ஒப்புதல் பெரிய தலைவலி இல்லை. மரபணு மாற்றிய வகை என்றால் தனி விண்ணப்பம் போட வேண்டியிருக்கும். பாக்டீரியாவை உணவாகக் கொடுத்து வளர்க்கப்போகிறீர்கள் என்றால் அந்த பாக்டீரியாவின் பெயரையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். கிளெப்சியெல்லா என்ற பெயரைப் பார்த்ததும் குழு கேள்வி கேட்கும், எந்த ரகம் என்று குறிப்பிட்டால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

இதற்கெல்லாம் வாரக் கணக்கு போடாதீர்கள், மாதக் கணக்கு போடுங்கள். பொட்டலம் சுங்கத்தில் வெயிலில் கிடந்தால் அமீபாக்கள் செத்துவிடும். வித்துகளாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவை தாங்கும்.

3. செலவு எங்கே விழும்

செல் வளர்ப்பு மலிவு. இன்குபேட்டரில் கரியமில வாயு வேண்டாம், சீரம் வேண்டாம், 22 டிகிரியில் ஒரு குலுக்கி போதும். பணம் போவது கருவிப் பக்கம்: போலரைசர் பொருத்திய ஒளிர்வுமானியின் மணிக்கணக்கு, குவார்ட்ஸ் குவெட் (மாதிரியை ஊற்றி வைக்கும் சிறு கலம்), லார்டான் படத்துக்கு இரு-ஃபோட்டான் நுண்ணோக்கி. குவெட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் குவெட் புறஊதாப் பக்கம் ஒளியை விழுங்கும், முனைவாக்கத்தையும் குழப்பும். டிபிஎச் கரைக்கும் டெட்ராஹைட்ரோஃபியூரான் பாலிஸ்டைரினையே கரைத்துவிடும்.

செல் வளரும் ஊடகத்துக்கான ஈஸ்ட் சாறும் பெப்டோனும் ஒரே தயாரிப்பு எண்ணில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். பாதி வேலையில் பொட்டலம் மாறினால் ஊடகத்தில் உள்ள கொழுப்பும் மாறும், அதைத் தின்ற செல்லின் சவ்வும் மாறும்.

4. செல் வளர்ப்பு

எச்எல்5 என்ற ஊட்டத் திரவத்தில் வளரும் வகைகள் ஏஎக்ஸ்2, ஏஎக்ஸ்3, ஏஎக்ஸ்4. ஏதேனும் ஒன்றை எடுத்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். ஏஎக்ஸ்3-க்கும் ஏஎக்ஸ்4-க்கும் இரண்டாம் குரோமோசோமில் ஒரு பெரிய பகுதி இரட்டித்திருக்கிறது, ஏஎக்ஸ்2-வில் அது இல்லை. ஒன்றின் முடிவை இன்னொன்றின் முடிவோடு சேர்த்து எழுத முடியாது.

வெப்பநிலை 21 முதல் 22 டிகிரி செல்சியஸ். இரட்டிப்பு நேரம் 8 முதல் 12 மணி. மில்லிலிட்டருக்கு 20 முதல் 40 லட்சம் செல்கள் இருக்கும்போது அறுவடை செய்யுங்கள். ஒரு கோடியைத் தாண்டவிட்டால் குடுவைக்குள்ளேயே பட்டினி தொடங்கிவிடும், உங்கள் ‘சுழிய மணி’ (பட்டினி தொடங்கும் நேரம்) பொய்யாகிவிடும். உறைநிலையிலிருந்து எடுத்த செல்கள் நிலையாக வளர ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஒரு மாதத்துக்கு மேல் ஒரே வளர்ப்பை இழுக்காமல் புதிதாக எடுங்கள். நீண்ட நாள் ஓடிய வளர்ப்பு நன்றாகத்தான் பெருகும், ஆனால் குவியலாகச் சேரச் சொன்னால் சேராது.

பாக்டீரியா தின்று வளர்ந்த செல்லையும் எச்எல்5-இல் வளர்ந்த செல்லையும் ஒப்பிடும் ஆசை வரும். பாக்டீரியாவின் சைக்ளோபுரோப்பேன் வளையமுள்ள கொழுப்பு அமிலங்கள் அமீபாவின் சவ்வுக்குள் அப்படியே வந்து சேரும். அது தனி ஆய்வு. வளர்ச்சிக் கட்டங்களை ஒப்பிடும் வேலையோடு அதைக் கலக்காதீர்கள்.

5. பட்டினி போடுதல்: நேர அட்டவணைதான் உயிர்

செல்களை 500 மடங்கு புவியீர்ப்பில் சில நிமிடம் சுழற்றி, பாஸ்பேட் பஃபரில் இரண்டு முறை கழுவுங்கள். கழுவலில் சோம்பல் கூடாது. எச்எல்5 நீலப் பக்கத்தில் தானாகவே ஒளிரும், நம் சாயங்களும் அங்கேதான் ஒளிர்கின்றன.

கட்டங்கள் ஏறத்தாழ இப்படி: 4 முதல் 6 மணிக்குள் செல்கள் சுழற்சி ஏஎம்பி என்ற சைகை மூலக்கூறைத் துடிப்புகளாக அனுப்பிக்கொள்ளும். 8 மணி வாக்கில் ஓடைகளாகத் திரண்டு குவியத் தொடங்கும். 12 மணியில் குவியலின் உச்சியில் முனை முளைக்கும். 16 மணியில் விரல்போல் நீண்டு, ஓடில்லா நத்தை போன்ற ஸ்லக் நிலை வரும். 24 மணியில் காம்பும் வித்தும் தயார். முதல் 6 மணி வரை குலுக்கும் குடுவையிலேயே செய்யலாம்: மில்லிக்கு ஒன்றிரண்டு கோடி செல்கள், முதல் மணி கழிந்ததும் 6 நிமிடத்துக்கு ஒரு முறை 50 முதல் 100 நானோமோலார் சுழற்சி ஏஎம்பி. அதன் பிறகான கட்டங்களுக்குத் திடமான பரப்பு வேண்டும். பஃபரில் நனைத்த 47 மில்லிமீட்டர் நைட்ரோசெல்லுலோஸ் வடிதாள் ஒன்றுக்கு 5 கோடி செல்கள் என்று பரப்புங்கள்.

அட்டவணை ஏன் முக்கியம் என்றால், எல்லாக் கட்டங்களையும் ஒரே அமர்வில் அளக்க வேண்டும். விளக்கின் பிரகாசமும் அறை வெப்பமும் நாளுக்கு நாள் மாறும். கட்டத்துக்கு ஒரு நாள் என்று அளந்தால் நாட்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் அளந்திருப்பீர்கள். ஆகவே தொடக்கத்தைத் தள்ளித் தள்ளி வையுங்கள். மாலை 3 மணிக்கு அளவீடு என்றால் 16 மணிக் கட்டத்தை முந்தைய இரவு 11-க்கும், 8 மணிக் கட்டத்தைக் காலை 7-க்கும், 5 மணிக் கட்டத்தைக் காலை 10-க்கும் பட்டினி போடுங்கள். 0 மணிச் செல்களை 3 மணிக்கு எடுங்கள். 12 மணிக் கட்டமும் வேண்டுமென்றால் அதிகாலை 3 மணிக்கு ஆள் வேண்டும். நான் அதை விட்டுவிடுவேன், உங்களுக்குத் தூக்கம் வராத வழக்கம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு உள்குத்து உண்டு. இரவு 11-க்கும் மறுநாள் 3 மணிக்கும் இடையில் ஒரே குடுவை இரண்டரை மடங்கிலிருந்து நான்கு மடங்குவரை பெருகிவிடும். நான்கு குடுவைகளில் வெவ்வேறு அளவு விதைத்து, அறுவடை நேரத்தில் எல்லாமே அந்த 20 முதல் 40 லட்சத்துக்குள் வரும்படி கணக்குப் போடுங்கள்.

பெரிய பொறி இன்னொன்று. காலை வசதிக்காக, பட்டினி போட்ட செல்களை இரவு முழுக்கக் குளிரில் வைத்து வளர்ச்சியை மெதுவாக்கும் வழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. செல் நகர்வைப் பார்ப்பவர்களுக்கு அது ஒத்துவரலாம். நமக்கு ஆகாது. குளிருக்கு ஏற்பச் சவ்வின் கொழுப்பை மாற்றிக்கொள்வது உயிரிகளின் இயல்பு. குளிரில் கிடந்த செல்லில் நீங்கள் பார்க்கும் மாற்றம் வளர்ச்சியால் வந்ததா குளிரால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

ஒவ்வொரு முறையும் வடிதாளைப் படம் பிடித்து வையுங்கள். கடிகாரம் 16 மணி என்று சொன்னாலும் செல்கள் குவியல் நிலையிலேயே நிற்கக்கூடும். குறிப்பேட்டில் மணியையும் எழுதுங்கள், தோற்றத்தையும் எழுதுங்கள். 5 மணிச் செல்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு: 10 மில்லிமோலார் ஈடிடிஏ (கால்சியம் போன்ற அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) சேர்த்துக் குலுக்குங்கள். திரளத் தகுதி பெற்ற செல்கள் அதிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். தகுதி பெறாதவை உதிர்ந்துவிடும்.

6. குவியலையும் ஸ்லக்கையும் தனிச் செல்லாக்குதல்

ஸ்லக்கைச் சுற்றி செல்லுலோஸும் புரதமும் சேர்ந்த உறை ஒன்று இருக்கும். முழு ஸ்லக்கின்மேல் சாயம் ஊற்றினால் வெளி வரிசைச் செல்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும். எனவே பிரித்தாக வேண்டும். 20 மில்லிமோலார் ஈடிடிஏ கலந்த பஃபரில் எடுத்து, 23 கேஜ் ஊசி வழியாகப் பல முறை இழுத்துத் தள்ளி, 40 மைக்ரோமீட்டர் சல்லடையில் வடியுங்கள். புரோனேஸ் என்ற நொதியைப் போட்டால் இன்னும் சுத்தமாகப் பிரியும். ஆனால் அது மேற்பரப்புப் புரதங்களை மென்றுவிடும், நாம் அளக்கப்போவதும் அந்த மேற்பரப்பைத்தான். பிறகு ஈடிடிஏ-வைக் கழுவி நீக்குங்கள்.

மேலே சொன்ன அத்தனையையும் 0 மணிச் செல்களுக்கும் செய்யுங்கள். ஊசி, ஈடிடிஏ, சல்லடை, கழுவல், எதையும் விடாமல். ‘தனியாகத்தானே இருக்கின்றன, எதற்கு’ என்று கேட்கத் தோன்றும். ஊசி ஏற்படுத்திய சேதத்தை வளர்ச்சியின் விளைவு என்று எழுதிவிடாமல் இருப்பதற்குத்தான். டிரைபன் நீலம் போட்டு இறந்த செல்களையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பிரித்த செல்கள் சும்மா இருக்காது, மறுபடி ஒட்டத் தொடங்கும். அரை மணி நேரத்துக்குள் அளவீட்டை முடிக்கப் பாருங்கள். காத்திருக்கும்போது பனிக்கட்டியில் வைத்தால், அளக்கும் முன் 22 டிகிரிக்குத் திரும்பச் சில நிமிடம் கொடுங்கள்.

18 மணியைத் தாண்டிய கட்டங்களைத் தொடாதீர்கள் என்பேன். வித்துக்குக் கெட்டியான பல அடுக்கு உறை வந்துவிடும். அங்கே சாயம் எதில் ஒட்டியிருக்கிறது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

7. சாயம் ஏற்றுதல்

டிபிஎச்-ஐ 2 மில்லிமோலாராக டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து இருட்டில் வையுங்கள். செல் கலவை சுழன்றுகொண்டிருக்கும்போதே துளித்துளியாக விட்டு, இறுதியில் 1 மைக்ரோமோலார் வரும்படி பாருங்கள். அப்போது கரைப்பான் 0.05 சதவீதம்தான் இருக்கும். டிபிஎச் சவ்வுக்குள் பரவ 20, 30 நிமிடம் பிடிக்கும். டிஎம்ஏ-டிபிஎச் ஒரு நிமிடத்திலேயே வெளிச்சவ்வில் அமர்ந்துவிடும்.

இங்கேதான் இந்த உயிரிக்கே உரிய பொறி இருக்கிறது. ஏஎக்ஸ் வகைகள் திரவத்தை அள்ளி அள்ளிக் குடிப்பவை. ஒவ்வொரு மிடறிலும் வெளிச்சவ்வின் ஒரு துண்டு சாயத்தோடு உள்ளே போகிறது. பட்டினி தொடங்கியதும் இந்தக் குடி குறைந்துவிடும். அதாவது அதே 10 நிமிடத்தில் 0 மணிச் செல்லுக்குள் போகும் சாயமும் 8 மணிச் செல்லுக்குள் போகும் சாயமும் ஒரே அளவு இல்லை. சவ்வு கொஞ்சமும் மாறாமல் இருந்தாலும்கூட, கட்டத்துக்குக் கட்டம் எண் மட்டும் அழகாக ஏறும் அல்லது இறங்கும். அந்த வரைபடத்தைப் பார்த்து மயங்கிப்போவது மிக எளிது.

தப்பிக்க வழி: சாயம் சேர்த்த கணத்திலிருந்து கடிகாரத்தை ஓட்டி, எல்லா மாதிரிகளையும் அதே நிமிடத்தில், முடிந்தவரை சீக்கிரம் படியுங்கள். கூடவே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மாதிரியை அரை நிமிடத்துக்கு ஒரு முறை, 10 நிமிடம் வரை தொடர்ந்து படித்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டிச் சுழிய நேரத்தில் என்ன வரும் என்று பாருங்கள். ஒளிர்வு நுண்ணோக்கியில் ஒரு துளியைப் பார்த்துவிடுவதும் அவசியம். சாயம் செல்லின் விளிம்பில் மெல்லிய வளையமாகத் தெரிந்தால் சரி. உள்ளே புள்ளி புள்ளியாக மின்னினால் அந்த எண்ணை வெளிச்சவ்வின் எண் என்று எழுதாதீர்கள். பார்க்கும் நேரத்தைக் குறையுங்கள். குறுகிய அலைநீள ஒளி இந்தச் செல்களுக்கு ஆகாது.

8. கருவியில் வைத்தல்

தூண்டல் 355 முதல் 360 நானோமீட்டர், உமிழ்வு 430 பக்கம். நான்கு அளவீடுகள் தேவை: தூண்டும் பக்கமும் வாங்கும் பக்கமும் போலரைசரைச் செங்குத்து, கிடை என்று மாற்றி மாற்றி. கிடை-செங்குத்து அளவீட்டைக் கிடை-கிடை அளவீட்டால் வகுத்தால் ஜி காரணி (கருவி இரு திசை ஒளியையும் சமமாக உணராததற்கான திருத்தம்). பிறகு செங்குத்து-செங்குத்து அளவீட்டிலிருந்து, செங்குத்து-கிடை அளவீட்டை ஜி காரணியால் பெருக்கிக் கழியுங்கள். அதே பெருக்குத்தொகையின் இரட்டிப்பைச் செங்குத்து-செங்குத்து அளவீட்டோடு கூட்டி, கழித்து வந்ததை இதனால் வகுத்தால் அனைசோட்ரோபி. மென்பொருளே போட்டுக்கொடுக்கும்தான், ஆனால் ஜி காரணியை எங்கிருந்து எடுக்கிறது என்று ஒருமுறை கையால் போட்டுச் சரிபாருங்கள்.

முழு செல்கள் ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய தூண்டல் ஒளி உமிழ்வுப் பக்கம் கசிந்தால் எண் பொய்யாக உயரும். உமிழ்ந்த ஒளியே பல செல்களில் பட்டுத் தெறித்தால் எண் பொய்யாகக் குறையும். மில்லிக்கு 10 லட்சம் செல்களில் தொடங்கிப் பாதி, கால் என்று நீர்க்கச்செய்து படியுங்கள். எண் நிலைக்கும் இடத்தில் வேலை செய்யுங்கள். சாயமில்லாத, கரைப்பான் மட்டும் சேர்த்த செல்களை நான்கு நிலைகளிலும் படித்து, கணக்குப் போடும் முன்பே கழித்துவிட வேண்டும். அனைசோட்ரோபி 0.4-ஐத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், அது சிதறல்.

வெப்பநிலையைக் கருவியின் திரையில் பார்க்காமல் குவெட்டுக்குள் உணரியை விட்டுப் பாருங்கள். வளர்ச்சியால் வரும் மாற்றம் இருந்தாலும் மிகச் சிறியதாகத்தான் இருக்கும். ஒரு டிகிரி தவறினால் அதில் அது மூழ்கிவிடும்.

லார்டானுக்கு: 440-இல் உள்ள ஒளிர்விலிருந்து 490-இல் உள்ளதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். எண் -1-க்கும் +1-க்கும் நடுவில் வரும், கூடினால் இறுக்கம். நுண்ணோக்கியில் செய்தால், ஒவ்வொரு அமர்விலும் கரைப்பானில் உள்ள லார்டானை வைத்துக் கருவியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

9. கட்டுப்பாட்டு மாதிரிகள்

முறை வேலை செய்கிறதா என்று காட்ட, தெரிந்தே சவ்வை இளக்குங்கள். 30 மில்லிமோலார் பென்சைல் ஆல்கஹால் சேர்த்தால் அனைசோட்ரோபி இறங்க வேண்டும். ஒரே மாதிரியை 10 டிகிரியிலிருந்து 30 வரை ஏற்றினாலும் இறங்க வேண்டும். இரண்டிலும் அசையாத கருவியை வைத்துக்கொண்டு வளர்ச்சிக் கட்டங்களைப் பற்றிப் பேச முடியாது.

இன்னொன்று: இந்தச் செல்கள் சவ்வு நுண்குமிழ்களை வெளியே உதிர்க்கும். சாயம் ஏற்றிய கலவையைச் சுழற்றி, மேல்நீரை மட்டும் படித்துப் பாருங்கள். அங்கேயே நல்ல ஒளிர்வு இருந்தால் செல்லைத் தவிர வேறெதையோ சேர்த்து அளக்கிறீர்கள்.

வெளிச்சவ்வைப் பிரித்தெடுத்து அளப்பதாக இருந்தால், ஆல்கலைன் ஃபாஸ்ஃபட்டேஸ் என்ற நொதியை மட்டும் அடையாளமாக நம்பாதீர்கள். அது சுருங்கு நுண்குமிழியிலும் இருக்கிறது.

வெவ்வேறு நாளில், வெவ்வேறு வளர்ப்பில் செய்த சோதனைதான் ஒரு பிரதி. ஒரே குவெட்டைப் பத்து முறை படித்தால் அதுவும் ஒன்றுதான்.

10. எண் வந்த பிறகு

கட்டங்களுக்கிடையே வித்தியாசம் தெரியாவிட்டால் பதற வேண்டாம். கொழுப்பின் கலவை மாறினாலும் மொத்தப் பாய்மத்தன்மை அப்படியே நிற்க முடியும். ஒரு வகை கொழுப்பு அமிலம் குறைய, இன்னொன்று கூடி ஈடுகட்டிவிடலாம். அதைச் சொல்ல வேண்டுமானால் கொழுப்புப் பகுப்பாய்வு தேவைப்படும். அதனால் அளவீடு முடிந்ததும் மிச்சச் செல்களைக் கொட்டிவிடாதீர்கள். சாயம் படாத பங்கைச் சுழற்றி, நைட்ரஜன் ஊதி மூடி, -80 டிகிரியில் வையுங்கள். இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்கள் காற்றில் கெட்டுவிடும், இந்த உயிரியில் அவை ஏராளம்.

பகுப்பாய்வுக்கு அனுப்பும்போது இரண்டு விஷயங்களைச் சீட்டில் எழுதுங்கள். ஒன்று, இதன் முக்கிய ஸ்டீரால் கொலஸ்ட்ரால் கிடையாது, ஸ்டிக்மாஸ்டீனால் வகை. கொலஸ்ட்ரால் கிட் போட்டு வரும் எண்ணை அப்படியே எடுக்க முடியாது. இரண்டு, இதன் இரட்டைப் பிணைப்புகள் 5, 9 மற்றும் 5, 11 என்ற இடங்களில் இருக்கும். வழக்கமான லினோலெயிக் அமிலத்தின் 9, 12 அமைப்பு இதில் இல்லை. சொல்லாமல் அனுப்பினால் கருவியின் நூலகம் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு பெயரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடும்.